செங்கமலம் பேரில் அறுபத்து மூன்று நாள்

நாகராசுவின் மோட்டார் அவருடைய அப்பா பேரில் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா செத்துப் பத்தொன்பது வருஷம் ஆகிறது. கடலை போடுகிற கொல்லையின் பட்டா அதற்கும் மேலே, தாத்தா பேரில். அந்தத் தாத்தாவை நாகராசு போட்டோவில்கூடப் பார்த்ததில்லை. ஆலங்குடிப் பக்கம் இதெல்லாம் ஒரு விஷயமே இல்லை. எந்த ஊருக்கு வேண்டுமானாலும் போய்க் கேட்டுப் பாருங்கள், செத்தவர்கள் பேரில் கரண்டு வரும், செத்தவர்கள் பேரில் ரசீது வரும், உயிரோடு இருப்பவர்கள் உழுது சாப்பிடுவார்கள். பேர் மாற்ற வேண்டும் என்று தாலுகா ஆபீசுக்கு நடக்க ஆரம்பித்தால், நடந்து முடிப்பதற்குள் நடந்தவரும் போய்விடுவார் என்பதால் யாரும் மெனக்கெடுவதில்லை.

ஆகவே, பெண்டாட்டி செத்த பிறகு அவள் பேருக்கு வந்த கேள்விகளுக்கெல்லாம் அறுபத்து மூன்று நாள் தானே பதில் சொல்லிக்கொண்டிருந்தது நாகராசுவுக்குத் தப்பாகப் படவில்லை. தப்பு என்று கண்டுபிடித்தது திருக்கோகர்ணத்தில் இருந்த ஒரு கம்ப்யூட்டர்.

அது கடலை விவசாயிகள் சேர்ந்து நடத்துகிற ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டர். கம்பெனி வெளிநாட்டுக்குக் கடலை அனுப்புகிறது. அங்கே வாங்கித் தின்கிறவன் சும்மா தின்ன மாட்டானாம். பாக்கெட்டில் ஒட்டியிருக்கிற க்யூஆர் கட்டத்தைப் போனில் காட்டினால், எந்தக் கொல்லை, என்றைக்கு விதைத்தது, என்றைக்குத் தண்ணீர் பாய்ந்தது, என்ன மருந்து அடித்தது, விளைவித்தது யார், எல்லாம் அவனுக்குத் தெரிய வேண்டும். இங்கே உறவுக்காரன் வீட்டில் சாப்பிடும்போதுகூட நாம் இவ்வளவு கேட்பதில்லை. அதற்குப் பேர் பிளாக்செயின். ஊரில் எல்லாரும் ‘செயினு’ என்றார்கள்.

போன வருஷம் சமுதாயக் கூடத்தில் கூட்டம் போட்டு இதை விளக்கியது பரிமளா. கம்பெனியின் களப்பணியாளர். ஸ்கூட்டியில் பதினாலு ஊர் சுற்றுகிற பெண்.

“பூக் கட்டுறோம்ல, அது மாதிரிதாங்க. ஒவ்வொரு நாளு பதிவையும் முந்தின நாளு பதிவோட சேத்துக் கட்டிரும். நடுவுல ஒரு பூவ உருவ முடியாது. உருவுனா சரமே காட்டிக் குடுத்துரும். ஒரு தடவ ஏறுனது ஏறுனதுதான். நானும் அழிக்க முடியாது, கம்பெனி எம்.டி.யும் அழிக்க முடியாது.”

“செயினுங்கிறியே பாப்பா, எத்தன பவுனு?” என்று கேட்டது செங்கமலம், நாகராசுவின் பெண்டாட்டி. கூடமே சிரித்தது.

கேலி பேசினாளே தவிர, முதலில் பேர் கொடுத்தவளும் அவள்தான். நாகராசு, “எனக்கு இந்தப் போனு எழவெல்லாம் ஆகாது” என்று ஒதுங்கிக்கொண்டார். அப்பா பேர், தாத்தா பேர் என்று ஆண்கள் பேராகவே இருந்த அந்த நிலத்தில், ‘விவசாயி: செங்கமலம்’ என்று முதன்முதலாக ஒரு இடத்தில் ஏறியது. முப்பது வருஷம் அந்தக் கொல்லையில் குனிந்தவள் அதைப் பத்துப் பேரிடமாவது காட்டியிருப்பாள். கொல்லை வரப்பில் நிற்க வைத்து பரிமளா வீடியோ எடுத்தாள். “எம் பேரு செங்கமலம். இது எங்க கொல்லக் கடல. கல்லு மண்ணு இருக்காது, தைரியமாத் திங்கலாம்” என்று சொல்லிவிட்டு, அவ்வளவுதானா என்று பரிமளாவைக் கேட்பதோடு அது முடியும்.

தினமும் சாயங்காலம் ஆறு மணிக்குப் போன் பேசும். “வணக்கம், செங்கமலம். இன்று உங்கள் வயலில் என்ன நடந்தது?” என்று ஒரு பெண் குரல் கேட்கும். தண்ணீரா, களையா, உரமா, ஒவ்வொன்றுக்கும் ஆம், இல்லை என்று அமுக்க வேண்டும். பிறகு நான்கு இலக்க நம்பர் போட வேண்டும். மோட்டார் சர்வீஸ் நம்பரின் கடைசி நான்கைத்தான் அவள் வைத்திருந்தாள். போட்டதும், “நன்றி, செங்கமலம். நாளை சந்திப்போம்” என்று அந்தக் குரல் விடைபெறும். பச்சையாக ஒரு டிக் விழும். செங்கமலம் அடுப்பில் என்ன கொதித்தாலும் விட்டுவிட்டு வந்து அமுக்குவாள்.

மார்கழி ஏழில் விதைத்தார்கள். நாற்பதாம் நாள் ஜிப்சம் போட்டுச் செடிகளுக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தபோது, தலையை வலிக்கிறது என்று வரப்பில் உட்கார்ந்தவள் அப்படியே சாய்ந்தாள். மூளையில் ரத்தம் கசிந்துவிட்டது என்று புதுக்கோட்டையில் டாக்டர் சொன்னார். நாகராசு “சரிங்க” என்றார். இரண்டு ராத்திரி ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்தார். பிப்ரவரி இரண்டாம் தேதி விடியற்காலையில் நர்ஸ் வந்து சொன்னார். அதற்கும் “சரிங்க” என்றார். யாருக்கும் போன் செய்து இந்தச் செய்தியை அவர் சொல்லவில்லை. மச்சினன் சொன்னார், பக்கத்துக் கொல்லை அழகுமலை சொன்னார், கோயம்புத்தூரிலிருந்து வந்து சேர்ந்த மகள் ஹரிணி மிச்சப் பேருக்குச் சொன்னாள்.

அன்று சாயங்காலம் சுடுகாட்டிலிருந்து திரும்பிக் குளித்துவிட்டு ஈரத் துண்டோடு வந்து உட்கார்ந்தார். வீடு நிறையப் பெண்கள். அழுது ஓய்ந்து, யார் வீட்டிலிருந்து சாப்பாடு வருகிறது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். பீரோ மேலிருந்து போன் பேசியது.

“வணக்கம், செங்கமலம்.”

ஒரு அம்மா “ஐயோ ஆத்தா” என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். நாகராசு எழுந்து போய்ப் போனை எடுத்தார். தண்ணீர் பாய்ச்சினீர்களா என்று கேட்டது. ஆம் என்று அமுக்கினார். நான்கு நம்பரைப் போட்டார். “நன்றி, செங்கமலம். நாளை சந்திப்போம்” என்றது. வாயை அடைப்பதற்காக அமுக்கினார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். ஹரிணிகூட அப்படித்தான் நினைத்தாள்.

மூன்றாம் நாள் பரிமளா மாலையோடு வந்தாள். போகும்போது சொன்னாள், “அண்ணே, பேரு மாத்துறவரைக்கும் அக்காவோட போன நீங்க தொடாதீங்க. நான் ஆபீசுல சொல்லி நிறுத்தி வைக்கிறேன்.”

“சரி பாப்பா” என்றார்.

பரிமளா நிறுத்தவில்லை. பதினாலு ஊரில் மறந்துபோனாள். கம்பெனியின் உறுப்பினர் பதிவேட்டில் மட்டும் இறந்த தேதியை மறக்காமல் எழுதினாள். நாகராசு போனைத் தொடாமல் இல்லை.

காரியம் முடிந்து ஹரிணியும் ஊருக்குப் போனாள். “எங்கூட வந்துருப்பா” என்றதற்கு, “கடலை நிக்கிது” என்றார். கடலைக்குச் செய்ய வேண்டியதை எல்லாம் செய்தார். மோட்டார் போட்டார், களை வெட்ட ஆள் விட்டார், பன்றிக்கு வேலி கட்டினார். சோறு ஆக்கினார், உப்பு இருந்ததா இல்லையா என்று அவருக்குத் தெரியவில்லை. ஹரிணி போனில் “சாப்பிட்டியாப்பா?” என்றால் “ம்” என்பார். இந்த மனுஷன் ஒரு பொட்டுக் கண்ணீர் விட்டானா பார், என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். பேச்சு அவர் காதுக்கும் வந்தது. கால் மரத்துப்போனால் கிள்ளிப் பார்ப்போமே, அதுபோல அவரும் தன்னைக் கிள்ளிப் பார்த்துக்கொண்டார். ஒன்றும் தெரியவில்லை. ஆறு மணிக்கு மட்டும் எங்கிருந்தாலும் வீட்டுக்கு வந்து, பீரோவுக்குக் கீழே உட்கார்ந்துகொள்வார். “வணக்கம், செங்கமலம்” என்று குரல் வரும். ஒருநாள்கூட விடவில்லை.

ஏப்ரல் ஆறில் கடலை பிடுங்கினார்கள். நல்ல காய்ப்பு. காய் ஆய்ந்து, காய வைத்து, இருபத்திரண்டு மூட்டை. கம்பெனி கொடுத்த ஸ்டிக்கரை மூட்டைக்கு மூட்டை ஒட்டி, அவள் போனால் காட்டி ஏற்றிவிட்டார். பிடுங்கின அன்றிலிருந்தே போன் கேள்வி கேட்பதை நிறுத்திக்கொண்டது. ஆறு மணிக்கு, “வணக்கம், செங்கமலம். அடுத்த விதைப்பு வரை ஓய்வெடுங்கள். நாளை சந்திப்போம்” என்று மட்டும் சொல்லும். எழுதிக் கொடுத்தவனுக்கு என்ன தெரியும், பாவம்.

சித்திரை முதல் தேதிக்கு மறுநாள் பரிமளா பதறிப்போய் போன் செய்தாள். நாகராசு டவுன் பஸ் பிடித்துத் திருக்கோகர்ணம் போனார். ஆபீசில் ராம்நாத் என்று ஒருவர் உட்கார்ந்திருந்தார். வாங்குகிற கம்பெனிக்காகப் பதிவுகளைச் சரிபார்க்கச் சென்னையிலிருந்து வந்தவர். சொந்த ஊர் திருமயம் பக்கம். தண்ணீர் கொடுத்து உட்காரச் சொல்லிவிட்டு, கம்ப்யூட்டரை அவர் பக்கம் திருப்பினார்.

“ஐயா, உறுப்பினர் பதிவேட்டுல அம்மா பிப்ரவரி ரெண்டாந்தேதி தவறிட்டதா இருக்கு. செயின்ல பாத்தா அன்னைக்கு சாயங்காலம் ஆறு மணி மூணு நிமிஷத்துக்கு அம்மா பதில் சொல்லியிருக்காங்க. அதுலேர்ந்து அறுபத்து மூணு நாளு சொல்லியிருக்காங்க.”

திரையில் பச்சை டிக் வரிசையாக இறங்கிக்கொண்டு போனது. நடுவில் இரண்டே இரண்டு இடம் வெறுமையாக இருந்தது. ஜனவரி முப்பத்தொன்று, பிப்ரவரி ஒன்று.

“உயிரோட இருந்தப்பதான் ரெண்டு நாளு விட்டுப்போயிருக்கு” என்றார் ராம்நாத், மெதுவாக. “அப்பறம் ஒருநாளும் விடல.”

பரிமளா அழ ஆரம்பித்தாள். “என் தப்பு சார். நான்தான் நிறுத்தாம விட்டுட்டேன்.”

“எங்க மோட்டாரு எங்கப்பா பேர்லதாங்க ஓடுது” என்றார் நாகராசு. இதில் என்ன என்பதுபோல.

“தெரியும்யா. எங்க வீட்டுக்கு வீட்டு வரி ரசீது இன்னும் எங்க பாட்டையா பேர்லதான் வருது. ஆனா வரி ரசீது, ‘இன்னைக்கு நான் தண்ணி பாய்ச்சுனேன்’னு சொல்றதில்லையே. இது சொல்லுது. செத்தவங்க சொன்னதா இருந்தா வாங்குறவன் எதையுமே நம்ப மாட்டான்.”

பிறகு விஷயத்தைச் சொன்னார். இரண்டு வழி. ஒன்று, இப்படியே விடுவது. கடலை நல்ல கடலைதான், உள்ளூர்ச் செக்குக்குப் போய்விடும், நஷ்டம் பெரிதாக இல்லை. ஆனால் செங்கமலம் பேருக்கு எதிரே ‘பொய்ப் பதிவு’ என்று சிவப்பில் ஏறும். இன்னொன்று, யார் பதில் சொன்னது, ஏன் சொன்னது என்று சொன்னவரே கொல்லையில் நின்று வீடியோவில் சொல்ல வேண்டும். பழையதை அழிக்க முடியாது, அதற்குக் கீழே இது சேரும். அவள் உயிரோடு இருந்த நாள்வரை அவள் பேரில் பச்சையாக நிற்கும். மற்றது நாகராசு பேருக்கு மாறும். வெள்ளிக்கிழமைக்குள் செய்ய வேண்டும்.

“சரிங்க” என்றார் நாகராசு.

“எதுக்குச் சரிங்கிறீங்க? ரெண்டுல எது?”

நாகராசு திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். “பொய்யின்னு எழுதுனா எம் பேர்ல எழுதுவீங்களா, அவ பேர்லயா?”

“அவங்க பேர்லதான் ஏறும்.”

“அப்பறமா அழிக்கலாமா?”

“யாராலயும் முடியாதுங்கய்யா.”

“ரெண்டாவது சொன்னீங்களே, அதச் செஞ்சா?”

“அவங்க கணக்கு அந்தத் தேதியோட முடிஞ்சிரும். பேரு அப்படியே நல்லபடியா இருக்கும்.”

“சாயங்காலம் கூப்புடுமே, அது?”

ராம்நாத்துக்குப் புரியவில்லை. பரிமளாவுக்குப் புரிந்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டு, “அது வராதுண்ணே” என்றாள்.

இரண்டரை மாதமாக எதைச் சொன்னாலும் சரி சொன்ன மனுஷன் அதற்கு மட்டும் சரி சொல்லவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “வாரேன்” என்று கிளம்பிவிட்டார்.

புதன்கிழமை ஆறு மணிக்குக் குரல் வந்தது. ஓய்வெடுக்கச் சொன்னது. வியாழக்கிழமையும் வந்தது. பேசாமல் விட்டுவிட்டால் இது இப்படியே வந்துகொண்டிருக்கும், யாருக்கு என்ன நஷ்டம் என்று நாகராசு நினைத்தார். ஏதோ ஒரு நாட்டில் கம்ப்யூட்டரில் ஒரு சிவப்புக் கோடு இருந்துவிட்டுப் போகட்டும். அவர் ஒன்றும் போய்ப் பார்க்கப் போவதில்லை. ஆனால் கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கப்போவது அவள் பேர். அந்த ஒரு இடத்தில்தான் அவள் பேர் விவசாயி என்று இருக்கிறது. கல்லு மண்ணு இருக்காது என்று சொன்னவள் பேருக்கு எதிரே பொய் என்று எழுதினால், அதை எழுத வைத்தது தன் விரல். வியாழக்கிழமை குரல் விடைபெற்றதும் பரிமளாவைக் கூப்பிட்டு, “நாளைக்கிக் கொல்லைக்கு வா பாப்பா” என்றார்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு வெயில் ஏறி அடித்துக்கொண்டிருந்தது. பிடுங்கின கொல்லையில் காய்ந்த கடலைக் கொடி அங்கங்கே கிடந்தது. பக்கத்தில் வரப்பு வெட்டிக்கொண்டிருந்த அழகுமலை, என்ன நடக்கிறது என்று பார்க்க மண்வெட்டியோடு வந்து நின்றார். செங்கமலம் நின்ற அதே வரப்பில் நாகராசுவை நிறுத்தி, பரிமளா போனைத் தூக்கிப் பிடித்தாள்.

“எம் பேரு நாகராசு. செங்கமலம் எம் பொஞ்சாதி. அவ இப்ப இல்லீங்க.”

பரிமளா போனைத் தாழ்த்தினாள். “அண்ணே, இல்லன்னு சொன்னாப் பத்தாதாம். ஊருக்குப் போயிருந்தாலும் இல்லன்னுதானே சொல்றோம். தேதியோட, தெளிவாச் சொல்லணும்னு சார் சொன்னாரு.”

மறுபடி ஆரம்பித்தார். தேதி வரைக்கும் வந்தது. அதற்கு மேல் வாய் திறந்தபடி இருந்தது, சொல் வரவில்லை. அழகுமலை சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்துவிட்டு நாகராசு சொன்னார், “சொன்னதே இல்ல பாப்பா. எல்லாத்துக்கும் மத்தவங்கதான் சொன்னாங்க.”

மூன்றாவது தடவை, போனைப் பார்க்காமல் மண்ணைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“செங்கமலம் பிப்ரவரி ரெண்டாந்தேதி விடியக்காலம் செத்துப்போயிட்டா. அன்னக்கி சாயங்காலத்துலேருந்து பதிலு சொன்னது நான். அவ ஒருநாளும் விட மாட்டா. அன்னக்கிப் போன எடுத்துப் பாத்தா ரெண்டு நாளு வெறுமையாக் கெடந்துச்சு. மூணாவது நாளும் அப்படிக் கெடந்தா, அவ்வளவுதான், முடிஞ்சுச்சுன்னு ஆயிருமேன்னு அமுக்கிட்டேன். அப்பறம் ஒவ்வொரு நாளும் அப்படித்தான் அமுக்குனேன். தண்ணி, களை, வேலி எல்லாம் செஞ்சதத்தான் சொன்னேன். மொத நாளு மட்டும் பொய்யி. அன்னக்கி நான் தண்ணி பாச்சல. காட்டுல இருந்தேன்.”

“யார்ரா சொன்னது பொய்யின்னு?”

அழகுமலைதான். மண்வெட்டியைப் போட்டுவிட்டுப் படத்துக்குள்ளேயே வந்துவிட்டார். “காட்டுலேருந்து நேரா இங்கிட்டு வந்து ஒன் மோட்டாரப் போட்டு மடையத் திருப்புனேன்டா. எழவு வீட்டுக் கொல்லை காயலாமா? மண் அணச்ச பயிருடா அது. அரைக் கொல்லை அவ அணச்சது. விட்டுருவேனா?”

“ஏன்டா எங்கிட்டச் சொல்லல?” என்றார் நாகராசு.

“நீ எங்க கேட்ட? எதச் சொன்னாலும் சரி சரின்னு போன.”

மறுபடி எடுக்க வேண்டுமா என்று பரிமளா ராம்நாத்துக்குப் போன் செய்து கேட்டாள். அவர் பார்த்துவிட்டு, வேண்டாம், இப்படியே ஏற்றுங்கள் என்றார். கடைசியாகச் செங்கமலத்தின் போன் அந்த நான்கு நம்பரைக் கேட்டது. நாகராசு போட்டார். ‘கணக்கு நிறைவு செய்யப்பட்டது’ என்று எழுத்தில் வந்தது. குரல் ஒன்றும் சொல்லவில்லை. செங்கமலத்தின் வீடியோவுக்குக் கீழே இப்போது இன்னொரு கட்டத்தில், வரப்பில் இரண்டு ஆம்பளைகள் சண்டை போட்டுக்கொண்டு நின்றார்கள். இனி அந்தக் கடலையை வாங்கித் தின்கிறவன் இதையும் பார்த்துவிட்டுத்தான் தின்ன வேண்டும்.

சாயங்காலம் நாகராசு வீட்டுக்கு வந்து கை கால் கழுவினார். வராது என்று தெரியும். இருந்தாலும் ஐந்தே முக்காலுக்கே பீரோவுக்குக் கீழே போய் உட்கார்ந்துகொண்டார். ஆறு ஆனது. ஆறு பத்து ஆனது. எழுந்து போனை எடுத்துப் பார்த்தார். சார்ஜ் இருந்தது, டவர் இருந்தது. பழைய இடத்திலேயே வைத்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார். ஆறரை ஆகியும் அந்த வீட்டில் யாரும் செங்கமலத்தைக் கூப்பிடவில்லை.

முப்பது வருஷத்தில் அவரும் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘ஏ புள்ள’ என்பார், அவசரமென்றால் ‘இந்தா’ என்பார். பேர் சொல்ல வேண்டிய தேவை வந்ததே இல்லை.

“செங்கமலம்” என்று கூப்பிட்டார்.

குரல் தனக்கே புதிதாகக் கேட்டது. கொஞ்சம் பொறுத்து, கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னார். “இன்னக்கித் தண்ணி பாச்சல. கடலை பூராம் வந்துருச்சு. நீ அணச்ச பக்கந்தான் காய்ப்பு சாஸ்தி.”

அதைச் சொல்லி முடித்ததும் அழுகை வந்தது. அவள் செத்த எழுபத்தைந்தாம் நாள், பீரோவில் முதுகைச் சாய்த்து, வாய்விட்டு, தெருவுக்குக் கேட்கிற மாதிரி அழுதார். போகிற வழியில் அதைக் கேட்ட அழகுமலை வாசலோரம் சைக்கிளை நிறுத்திவிட்டு, உள்ளே போகாமல், ஓயும்வரை அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.